காணாது கொடுத்த பரிசில்: எந்திர அறிவும் தன்னாட்சியும் ஆய்வுப் பணமும்

1

பென்னாகரம் பக்கமிருந்து ஒரு நண்பர் வருவார். வயது இருபத்தாறு. சமூகவியலில் எம்.ஏ. முடித்துவிட்டு, இணையத்தில் விண்ணப்பம் போட்டுத்தரும் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறார். சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், ரேஷன் அட்டையில் பேர் சேர்ப்பது... ஊரே அந்தக் கடை வழியாகத்தான் அரசாங்கத்தோடு பேசுகிறது. சென்ற மாதம் தருமபுரி பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் இரண்டு பக்கத் தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார். முனைவர் பட்ட ஆய்வுக்கான திட்டம். தலைப்பு 'செயற்கை நுண்ணறிவும் மனிதத் தன்னாட்சியும்'. நான் படித்து முடிக்கும்வரை டீயைக் கையிலேயே வைத்திருந்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அண்ணா, இதுக்கு யாருனா காசு குடுப்பாங்களா?"

உடனே பதில் சொல்ல முடியவில்லை. நான் தமிழ் எம்.ஏ. பகுதிநேர ஆய்வுக்குப் பதிவு செய்து, இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கட்ட வழியில்லாமல் விட்டவன். ஆகவே காசு என்பதை ஆய்வுக்கு வெளியே நிற்கிற ஒரு விஷயமாக என்னால் பார்க்க முடிவதில்லை. ஒரு பிரதியின் கருத்தியலைத் தோண்டித் துருவி எழுதுகிற நாம், அந்தப் பிரதி எழுதப்பட்ட மேசைக்கு யார் வாடகை கொடுத்தார்கள் என்று அதிகம் கேட்பதில்லை. நண்பரின் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருந்தன. எந்திரம் மனிதனின் தன்னாட்சியை என்ன செய்கிறது என்பது ஒன்று. அதைக் கேட்பவனுக்கு யார் சோறு போடுகிறார்கள், போடுபவர்கள் அந்தக் கேள்வியை என்ன செய்கிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதே இக்கட்டுரை சொல்ல விரும்புவது.

2

முதலில் 'தன்னாட்சி' என்கிற சொல். கிரேக்கத்தில் 'தானே', 'விதி' என்ற இரு சொற்களின் கூட்டு இது. நகர அரசுகளைக் குறித்து வழங்கிய அச்சொல்லை 1785இல் கான்ட் தனிமனித அறத்தின் மையத்தில் கொண்டுவந்து வைத்தார். தனக்கான விதியைத் தன் பகுத்தறிவாலேயே வகுத்துக்கொள்பவன்தான் மனிதன் என்பது அவர் வாதம். தமிழில் இச்சொல் வேறு பாதைகளில் வந்தது. 1969இல் ராஜமன்னார் குழு அமைக்கப்பட்டபோது அது 'மாநில சுயாட்சி'. 1978இல் தமிழ்நாட்டில் சில கல்லூரிகளுக்கு வழங்கப்பட்டபோது அது 'தன்னாட்சி'. அந்தத் தன்னாட்சியை ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்துப் போராடின என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆணை போட்டுக் கொடுக்கப்படும் தன்னாட்சி யாருக்கான தன்னாட்சி என்று அன்றே கேட்டவர்கள் அவர்கள். இவை இரண்டுக்கும் முன்பே, 1925இலிருந்து, நம்மிடம் மூன்றாவதாக ஒரு சொல் இருக்கிறது. அது சுயமரியாதை.

இந்த இடத்தில் ஒரு சங்கடத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தொண்ணூறுகளின் சிற்றிதழ்களைப் பழைய புத்தகக் கடைகளில் தேடிப் படித்து வளர்ந்தவன் நான். 'மனிதன்' என்பதே அண்மைக் காலத்தில் உருவான ஒரு கட்டுமானம் என்று ஃபூக்கோ 1966இல் எழுதியதை அங்கேதான் படித்தேன். தன்னிலை என்பது கருத்தியலால் விளிக்கப்பட்டு உருவாவது என்ற அல்துஸ்ஸரையும் அங்கேதான் படித்தேன். சுதந்திரமான, முழுமையான, தனக்குத் தானே எசமானனான மனிதன் என்பது முதலாளியம் சொன்ன கதை என்று நாமெல்லாம் எழுதித் தள்ளியாயிற்று. இப்போது எந்திரம் வந்ததும் 'ஐயோ மனிதத் தன்னாட்சி போச்சே' என்று அழுதால், நாம் கட்டவிழ்த்த சிலையை நாமே திரும்பத் தூக்கி நிறுத்துவதாக ஆகாதா?

ஆகும், தன்னாட்சி என்பதைத் தனிமனிதன் உள்ளே பூட்டி வைத்திருக்கும் சொத்தாக நினைத்தால். சுயமரியாதை அப்படிப்பட்ட சொல் இல்லை. ஒருவரின் மரியாதை அவருக்கு வெளியே, தெருவில், கிணற்றடியில், கோயில் வாசலில், டீக்கடைக் குவளையில் பறிக்கப்படுகிறது என்பதிலிருந்து அது தொடங்குகிறது. எனவே அதை மீட்பதும் தனியாக நடப்பதில்லை. இதிலிருந்து ஒரு எளிய வரையறையை முன்வைக்கிறேன்: என்னைப் பற்றி ஒரு முடிவு எடுக்கப்படும்போது 'ஏன்?' என்று கேட்கவும், கேட்ட கேள்விக்குப் பதில் வாங்கவும், பதில் சரியில்லை என்றால் மறுக்கவும் எனக்குள்ள பலமே என் தன்னாட்சி. இது கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் உறவுகளைப் பொறுத்தது. ஆகவே அரசியலைப் பொறுத்தது.

3

செயற்கை நுண்ணறிவு என்றதும் சிந்திக்கும் ரோபோ ஒன்று நம் மனக்கண்ணில் வந்து நிற்கிறது. சினிமா கொடுத்த படிமம் அது. நடைமுறையில் நமக்கு அன்றாடம் நேர்வது இன்னும் சப்பென்ற ஒரு காரியம்: தரம் பிரித்தல். பழைய பதிவேடுகள் லட்சக்கணக்கில் கணிப்பொறிக்குக் கொடுக்கப்படுகின்றன. எது எதோடு சேர்ந்து வருகிறது என்று அது கணக்கிடுகிறது. புதிதாக ஒருவர் வந்தால் அவர் எந்தக் கும்பலுக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று ஒரு எண் கொடுக்கிறது. அந்த எண் ஒரு குறிப்பிட்ட கோட்டைத் தாண்டினால் 'ஆம்', தாண்டாவிட்டால் 'இல்லை'.

அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதை எந்திரம் முடிவு செய்வதில்லை. கோட்டை உயர்த்தினால் தகுதியுள்ளவர்கள் பலர் வெளியே தள்ளப்படுவார்கள். தாழ்த்தினால் தகுதியற்றவர்கள் சிலர் உள்ளே வருவார்கள். இரண்டு பிழையும் ஒரே நேரத்தில் இல்லாமல் போகாது. எந்தப் பிழையை ஏற்றுக்கொள்வது என்பது கணக்கு அல்ல, அரசியல். ஏழை ஒருத்தி பட்டினி கிடப்பது பெரிய பிழையா, பொய் அட்டை ஒன்றுக்கு அரிசி போவது பெரிய பிழையா? யாரோ ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தப் பதில் நம் முன்னால் வரும்போது 'தொழில்நுட்பம்' என்ற பெயரில் வருகிறது.

என் பெரியம்மா கல்லுடைத்த கை. ரேஷன் கடையில் விரல் வைத்தால் ரேகை விழாது. இரண்டு மூன்று தடவை வைத்துத் துடைத்து, தலையில் தேய்த்து, திரும்ப வைப்பார். விழாது. "மிஷின் ஒத்துக்கல, நாளைக்கு வாங்க" என்பார் கடைக்காரர். இது கற்றுக்கொள்ளும் எந்திரம் அல்ல, பழைய வகைப் பொருத்திப் பார்க்கும் எந்திரம்தான். ஆனாலும் வரப்போவது அனைத்துக்கும் இலக்கணம் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. 'மிஷின் ஒத்துக்கல.' எழுவாய் எந்திரம். ஒத்துக்கொள்வது மனிதர் செய்யும் வினை. அதை எந்திரத்திடம் கொடுத்துவிட்டோம். பெரியம்மா சண்டை போடலாம்தான், யாரோடு போடுவது? "நான் என்னக்கா பண்றது" என்கிறார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. பெரியம்மாவின் தன்னாட்சியோடு சேர்த்து அவருடைய தன்னாட்சியும் போயிற்று. அவருக்கு எதிரே நிற்பவள் யார் என்று அவருக்கு இருபது வருடமாகத் தெரியும். அந்தத் தெரிதலுக்கு இப்போது மதிப்பில்லை.

1990இல் டெல்யூஸ் எழுதிய கட்டுப்பாட்டுச் சமூகங்கள் பற்றிய சிறு குறிப்பில், கத்தாரி கற்பனை செய்த ஒரு நகரம் வருகிறது. மின் அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும். ஆனால் ஏதோ ஒரு நாளில், ஏதோ ஒரு நேரத்தில் அதே அட்டையை அதே கதவு மறுத்துவிடலாம். முக்கியமானது கதவு அல்ல, ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும் கணிப்பொறி என்றார். பாரிசில் அது கற்பனை. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடந்த நூறு நாள் வேலையில் அது நடைமுறையாயிற்று. 2023 ஜனவரி 1 முதல் வேலைத்தளத்தில் நாளுக்கு இரண்டு முறை செல்பேசிச் செயலியில் படம் எடுத்தால்தான் வருகை என்று ஆக்கப்பட்டது. சிக்னல் இல்லாத மலையோர ஊர்களில் மண் வெட்டியவர்கள் வெட்டாதவர்கள் ஆனார்கள். 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே, படத்தைப் படமெடுத்து ஏற்றுகிறார்கள் என்று ஒப்புக்கொண்டு, படங்களை ஆள் வைத்துச் சரிபார்க்கச் சொன்னது! அதே மாதம் அங்கன்வாடியில் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சத்துணவுப் பொட்டலம் வாங்க முக அடையாளம் கட்டாயமாக்கப்பட்டது.

அடுத்த கட்டம், பல துறைப் பதிவேடுகளை ஒன்றாகக் கோத்து ஆளைப் பார்க்காமலே தகுதி நீக்குவது. தெலங்கானாவில் 'சமக்ர வேதிகா' என்ற அமைப்பு இதைத்தான் செய்தது. 2014க்கும் 2019க்கும் இடையில் அம்மாநிலத்தில் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட ரேஷன் அட்டைகள் ரத்தாயின. பெயர் ஒற்றுமையால் ரிக்சாக்காரர் ஒருவர் கார் வைத்திருப்பவராகப் பதிவானார். அந்தக் குடும்பம் அரிசி இழந்தது. 2022இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, ரத்தான அட்டைகளை நேரில் போய்த் திரும்பச் சரிபார்க்கச் சொன்னது. இது ஏழை நாட்டுக் கோளாறு என்று யாரும் சொல்ல வேண்டாம். நெதர்லாந்தில் குழந்தை பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி என்று பல்லாயிரம் பெற்றோர்மீது பொய்ப்பழி விழுந்தது. ஆபத்தானவர் யார் என்று வரித்துறையின் கணிப்பொறி எண் போட்டதில், நெதர்லாந்துக் குடியுரிமை இல்லாததும் ஒரு அளவுகோலாக இருந்தது. 2021 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகியது.

அல்துஸ்ஸரின் போலீஸ்காரர் தெருவில் 'ஏய், நீதான்!' என்று கூப்பிடுகிறார். கூப்பிடப்பட்டவன் திரும்புகிறான். திரும்பும் அந்தக் கணத்தில் அவன் தன்னிலை ஆகிறான். நம்முடைய எந்திரம் கூப்பிடுவதே இல்லை. நீங்கள் திரும்பத் தேவையில்லை. உங்களுக்குத் தெரியாமலே தரம் பிரிக்கப்பட்டு, அரிசி வராதபோதுதான் தெரியவருகிறது. திரும்பி நின்று முறைக்கிற வாய்ப்புகூட இல்லாத அடிமைத்தனம் இது.

4

இங்கே தலித் தோழர் ஒருவர் எழுப்பிய எதிர்வாதத்தைச் சொல்லியாக வேண்டும். "கடைக்காரருக்கு இருபது வருசமா ஆளத் தெரியும்னு சொல்றீங்களே, அவருக்கு எங்க தெருவும் தெரியும். எங்களுக்கு மட்டும் கடைசியா அளந்தவர் அவர். முகமில்லாத மிஷின் எவ்வளவோ பரவால்ல." இதற்கு எளிய பதில் இல்லை. கிராமத்து மனிதர்களின் விருப்புரிமை பெரும்பாலும் சாதியின் விருப்புரிமையாகவே இருந்தது. கிராமத்தைக் குறித்து அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்ததை மறந்துவிட்டு 'மனித உறவு', 'நேரடிப் பழக்கம்' என்று நாம் உருகினால் அது ஆதிக்க சாதியின் ஏக்கமாகத்தான் முடியும்.

ஆனால் எந்திரத்துக்கு முகம் இல்லையே தவிர நினைவு இருக்கிறது. அதன் நினைவு முழுக்கப் பழைய பதிவேடுகள். யார் கடன் கட்டவில்லை, யார்மீது வழக்கு இருக்கிறது, எந்தத் தெருவில் அடிக்கடி போலீஸ் போனது என்பதை எல்லாம் எழுதியவர்கள் மனிதர்கள். சாதியை ஒரு கட்டமாகப் படிவத்தில் கேட்காவிட்டாலும் தெருப் பெயரும், தகப்பன் பெயரும், படித்த பள்ளியும் அதைச் சொல்லிவிடும். கடைக்காரரின் சாதியைக் கூட்டம் போட்டுக் கேட்டோம், மறியல் செய்து கேட்டோம். பதிவேட்டின் சாதியை எங்கே போய்க் கேட்பது? ஆகவே மனிதனா எந்திரமா என்ற எதிர்வே பொய்யானது. கேள்விக்கு உட்படும் அதிகாரமா, உட்படாத அதிகாரமா என்பதே சரியான கேள்வி.

5

இனி காசு. தருமபுரி பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். தமிழில் புரவலருக்கும் அறிவாளிக்கும் இடையிலான சிக்கல் பற்றிய மிகப் பழைய சாட்சியங்களில் இரண்டு இந்த ஊரைச் சேர்ந்தவை. புறநானூற்றின் 206ஆம் பாட்டு, அதியமான் பரிசில் தராமல் நாளைக் கடத்தியபோது ஔவையார் வாயில்காவலனிடம் பாடியது. 208ஆம் பாட்டு பெருஞ்சித்திரனாருடையது. அதியமான் அவரை நேரில் பார்க்காமலே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். அவர் வாங்க மறுத்தார். என்னைக் காணாமல் கொடுத்ததை வாங்கிப் போக நான் வியாபாரி இல்லை, அறிந்து கொடுத்தால் தினையளவும் இனிது என்பது அவர் நிலை. ஔவையாருக்கு நடந்தது தாமதம். பெருஞ்சித்திரனாருக்கு நடந்தது காணாமை. இன்றைய ஆய்வு உதவித்தொகையின் இரண்டு நோய்களும் இவையே.

தாமதத்தை ஆய்வாளர்கள் அனைவரும் அறிவர். ஆறு மாதம் உதவித்தொகை வராமல் விடுதிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கியவர்களை நம் ஒவ்வொருவருக்கும் தெரியும். இரண்டாவது நோயைப் புரிந்துகொள்ளப் பணத்தின் வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆளுக்குக் கொடுக்கப்படும் பணம் முதல் வகை. பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். தேசியத் தகுதித் தேர்வில் வென்றவருக்குக் கிடைக்கும். தலைப்பை ஆய்வாளரும் நெறியாளரும் முடிவு செய்துகொள்ளலாம். ஆய்வாளரின் தன்னாட்சிக்கு மிக அதிக இடம் விடும் பணம் இதுதான். தேர்வில் வெல்லாதவர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் மட்டும் மாதம் 8,000 இருந்தது. 2015 அக்டோபரில் அதையும் நிறுத்த முயன்றபோது மாணவர்கள் டெல்லியில் மானியக் குழு அலுவலக வாசலிலேயே படுத்துப் போராடினார்கள். மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் அதை விரிவாக்கு என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை நிறுத்தப்படுவதாக 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடி முழுநேர ஆய்வாளர்களுக்குக் கொடுப்பது ஆண்டுக்கு ஒரு லட்சம், அதாவது மாதம் எட்டாயிரத்துச் சொச்சம். இன்னொரு பக்கம், 2018இல் அறிவிக்கப்பட்ட பிரதமர் ஆய்வு உதவித்தொகை ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களின் ஆய்வாளருக்கு மாதம் 70,000த்தில் தொடங்கி 80,000 வரை போனது. ஒரே நாடு, ஒரே பட்டம்... எட்டாயிரமும் எழுபதாயிரமும்.

இரண்டாவது வகை, திட்டத்துக்குக் கொடுக்கப்படுவது. பேராசிரியர் ஒரு திட்டத்துக்குப் பணம் வாங்குகிறார், ஆய்வாளர் அதில் வேலைக்குச் சேர்கிறார். கேள்வி ஏற்கெனவே முடிவாகிவிட்டது. மூன்றாவது வகை, நிறுவனங்களும் செல்வந்தர்களும் ஒரு துறைக்கோ மையத்துக்கோ கொடுப்பது. செயற்கை நுண்ணறிவு இன்று பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையில் வளர்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் இந்திய மொழிகளுக்கான மையத்துக்கு 2022இல் நிலேகனி குடும்பம் 36 கோடி கொடுத்தது. 2024இல் வாத்வானி பெயரிலான பள்ளிக்கு 110 கோடி வந்தது. அங்கேயே 'பொறுப்புள்ள செயற்கை நுண்ணறிவு மையம்' 2023இல் தொடங்கியபோது கூகுள் பத்து லட்சம் டாலர் கொடுத்தது. வெளிநாட்டிலும் இதே கதை. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் எந்திர அறிவு அறவியல் நிறுவனம் 2019இல் ஃபேஸ்புக்கின் 75 லட்சம் டாலரில் பிறந்தது. அதாவது, எந்திரம் மனிதனை என்ன செய்கிறது என்ற கேள்விக்கான செலவை எந்திரம் விற்பவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அரசு என்ன செய்கிறது? 2024 மார்ச்சில் ஒன்றிய அமைச்சரவை 'இந்தியா ஏ.ஐ.' இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஐந்தாண்டுக்கு 10,371.92 கோடி. இதில் கணிப்பொறித் திறன் வாங்கி வைக்க 4,563.36 கோடி. புதுத்தொழில் நிறுவனங்களுக்கு 1,942.5 கோடி. ஆய்வு உதவித்தொகைகளும் அடங்கிய திறன் வளர்ப்புக்கு 882.94 கோடி. 'பாதுகாப்பான, நம்பகமான செயற்கை நுண்ணறிவு' என்ற தலைப்புக்கு 20.46 கோடி. நூறு ரூபாயில் எந்திரம் வாங்க நாற்பத்து நான்கு ரூபாய், அது நம்மை என்ன செய்யும் என்று பார்க்க இருபது காசுகூட முழுசாக இல்லை! நண்பரின் கேள்விக்கு நேர்ப் பதில் இந்த இருபது காசில் இருக்கிறது.

6

பணம் கேள்வியைக் கெடுக்கிறது என்றால் யாரோ ஆய்வாளரைக் கூப்பிட்டு மிரட்டுகிறார்கள் என்று அர்த்தமில்லை. அப்படியும் நடக்கும். பெரிய மொழி மாதிரிகளின் ஆபத்துகள் பற்றிய ஒரு கட்டுரையை ஒட்டி எழுந்த பிரச்சினையில் 2020 டிசம்பரில் டிம்னிட் கெப்ரு கூகுளிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவருடைய வேலையே அறவியல் ஆய்வுதான். ஆனால் இது விதிவிலக்கு. வழக்கமாக நடப்பது இன்னும் நாசூக்கானது.

1954இல் அமெரிக்க சிகரெட் நிறுவனங்கள் சேர்ந்து ஒரு ஆய்வுக் குழு அமைத்தன. புகைக்கும் புற்றுநோய்க்குமான தொடர்பை ஆராய நாங்களே பணம் தருகிறோம் என்றன. தீவிரமான ஆய்வாளர்கள் பலர் அந்தப் பணத்தில் நல்ல ஆய்வுகளே செய்தார்கள். ஆனால் சிகரெட்டைத் தவிர மற்ற காரணங்களைப் பற்றிய ஆய்வுகள் பெருகின. இந்த வரலாற்றையும் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் இன்றைய நிதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த முகமது அப்துல்லா, முஸ்தஃபா அப்துல்லா ஆகியோர், நான்கு முன்னணிப் பல்கலைக்கழகங்களில் எந்திர அறிவின் அறவியல் பேசும் ஆசிரியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த நிறுவனங்களிடம் ஏதோ ஒரு வகையில் பணம் பெற்றவர்கள் என்று கண்டார்கள்.

கேள்வி எப்படி வளைகிறது என்பதற்கு ஒரு உதாரணம். 'பெரியம்மாவை எந்திரம் ஏன் மறுத்தது?' என்பது ஒரு கேள்வி. பணம் வந்த பிறகு அது, 'மறுத்ததற்கான காரணத்தை அவர் ஏற்றுக்கொள்ளும்படி எப்படி விளக்குவது?' என்று ஆகிறது. சொற்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதல் கேள்வியில் எந்திரம் கூண்டில் நிற்கிறது. இரண்டாவதில் பெரியம்மா மாணவி ஆகிவிட்டார். 'தன்னாட்சி' மெல்ல நழுவி 'பயனாளரின் நம்பிக்கை' ஆகிறது. நம்பாமல் இருப்பதற்கான உரிமை ஆய்வுப் பொருளாகவே வருவதில்லை. தரவு நிறுவனத்திடம் இருக்கிறது, கணிப்பொறித் திறன் நிறுவனத்திடம் இருக்கிறது, பட்டம் முடித்தால் வேலையும் அங்கேதான். ஆய்வாளரை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. நீர் பள்ளத்தை நோக்கி ஓடுகிற மாதிரி கேள்வி பணத்தை நோக்கி ஓடுகிறது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தன்னார்வக் குழுக்களின் வெளிநாட்டு நிதி பற்றி இடதுசாரிகளிடையே நடந்த காரசாரமான விவாதங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த விவாதத்தின் பலவீனம், காசு வாங்கியவரின் நேர்மையைச் சந்தேகிப்பதோடு நின்றுவிட்டது. நேர்மையானவரின் கேள்வியும் வளையும் என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

7

கேள்வி வளைந்தால் என்ன ஆகும் என்பதை நம் மாவட்டத்திலிருந்தே சொல்ல முடியும். 1992 ஜூன் 20. அரூர் வட்டம் வாச்சாத்தி. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் உள்ளே போயின. பழங்குடிப் பெண்கள் 18 பேர் வன்புணர்வுக்கு ஆளானார்கள். ஊர் சூறையாடப்பட்டது. அரசுத் தரப்பு மறுத்தது. அன்றைய அரசுப் பதிவேடுகளின்படி அது கடத்தல்காரர்களின் ஊர். கதை மாறியதற்குக் காரணம், அந்தப் பெண்கள் பேசினார்கள், மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்டுகளும் வழக்கறிஞர்களும் கேட்டார்கள், அடையாள அணிவகுப்பில் அவர்கள் ஆட்களைச் சுட்டிக் காட்டினார்கள். 2011 செப்டம்பர் 29இல், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் வழக்கு முடியுமுன் இறந்துபோன 54 பேர் போக, மீதி 215 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

1992இன் பதிவேடுகளை மட்டும் படித்த ஒரு எந்திரத்திடம் வாச்சாத்தியைப் பற்றிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருக்கும்? கோளாறு ஏதுமில்லாமல், மிகத் துல்லியமாக, அது கடத்தல் ஊர் என்று சொல்லியிருக்கும். அந்த எண்ணை மாற்றியது இன்னும் நல்ல கணக்கு அல்ல. பதிவேட்டுக்கு வெளியே நின்றவர்கள் 'நடந்தது அது இல்லை' என்று சொன்னதும், அதைக் கேட்டாக வேண்டிய நிலைக்கு அரசு தள்ளப்பட்டதும்தான். பத்தொன்பது வருடம் பிடித்தது என்றாலும், தன்னாட்சி என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கான்ட்டில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே நண்பருக்கு நான் சொன்னது இது. அவருடைய திட்டம் ஐரோப்பியத் தத்துவத்தில் தொடங்கி ஏழாவது பத்தியில்தான் பென்னாகரத்துக்கு வருகிறது. அதைத் திருப்பிப் போட வேண்டும். அவர் வேலை பார்க்கும் கடையிலேயே ஒரு ஆவணக் காப்பகம் இருக்கிறது: மறுக்கப்பட்ட விண்ணப்பங்கள். எந்தக் காரணம் சொல்லி மறுக்கப்பட்டது, காரணமே சொல்லாமல் மறுக்கப்பட்டது எத்தனை, மறுக்கப்பட்டவர் அடுத்து யாரிடம் போனார், எங்கே நிறுத்திக்கொண்டார்... விண்ணப்பித்தவர்களின் சம்மதத்தோடு, பெயர் நீக்கி, இதை ஒருவர் மூன்று வருடம் எழுதி வைத்தால் அதற்கு இணையான தரவு எந்த ஐ.ஐ.டி.யிலும் இருக்காது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே கடைசியில் நின்ற மாவட்டம் இது. படிவத்தை வேறொருவர் கைகளால் நிரப்பும் மக்களின் தன்னாட்சி என்ன ஆகிறது என்பதைக் கேட்க இதைவிட நல்ல இடம் எது?

காசுக்கு? முதலில் தகுதித் தேர்வை எழுதச் சொன்னேன். ஆளுக்கு வரும் பணம்தான் கேள்வியை விட்டுவைக்கிற பணம். நிறுவனப் பணம் வந்தால் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வயிறு காய்ந்தவனிடம் தூய்மைவாதம் பேசுவது அயோக்கியத்தனம். வாங்கினால் மூன்று நிபந்தனைகள் எழுத்தில் வேண்டும்: கேள்வியை மாற்றக் கொடுப்பவருக்கு உரிமை இல்லை, வெளியிடுமுன் அவரிடம் காட்ட வேண்டியதில்லை, ஆய்வின் முடிவு, ஆய்வுக்கு உட்பட்ட மக்களின் முன்னால் தமிழில் வாசிக்கப்பட்டு, அவர்கள் மறுக்கவும் இடம் இருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனையைப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை என்பது வேறு விஷயம்.

எழுத்தாளர்களும் இயக்கத் தோழர்களும் செய்ய வேண்டியது வேறு. 2020இலேயே பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கென்று கொள்கை வெளியிட்ட மாநிலம் நம்முடையது. மாநில சுயாட்சி பேசும் அரசிடம், மாநிலப் பல்கலைக்கழகங்களின் தமிழ், சமூகவியல், கணிப்பொறித் துறைகள் சேர்ந்து செய்யும் ஆய்வுகளுக்கு, தலைப்பைக் கட்டுப்படுத்தாத, மாதாமாதம் தவறாமல் வரும் உதவித்தொகை கேட்க வேண்டும். எட்டாயிரம் அல்ல, இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கு இணையாக. இதை மாணவர் சங்கக் கோரிக்கை என்று ஒதுக்காமல், ரேஷன் கடை வாசலில் நிற்பவர்களின் கோரிக்கையோடு சேர்த்து வைக்க வேண்டும். ஏனென்றால் இரண்டு இடத்திலும் நடப்பது ஒன்றுதான். ஆளைக் காணாமல் கொடுக்கிறார்கள், ஆளைக் காணாமல் மறுக்கிறார்கள். பெருஞ்சித்திரனார் பரிசிலைத் திருப்பி அனுப்ப முடிந்தது. என் பெரியம்மாவால் அரிசியைத் திருப்பி அனுப்ப முடியாது.

இந்த வரையறையிலும் நிபந்தனைகளிலும் ஓட்டைகள் இருக்கலாம். தோழர்கள் எழுத வேண்டும். நண்பர் போன வாரம் வந்தார். கையில் நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் தேதி போட்டு எழுதியிருந்தார்: 'முதியோர் உதவித்தொகை. பெண், வயது 67. காரணம்: காட்டப்படவில்லை.' தேர்வுக்கு விண்ணப்பம் போட்டாயிற்றா என்று கேட்டேன். "போட்டாச்சுண்ணா. போட்டோ சரியில்லன்னு ரெண்டு தடவ மிஷின் ஒத்துக்கல" என்றார்.